யோசெஃப் சுடெக்: என்லார்ஜரை ஒதுக்கி வைத்த மனிதர் (விவாத இழை)

கருப்புவெள்ளை எழுதியது:

ஃபிலிம் கேமரா வாங்குவது பற்றி இங்கே ஏகப்பட்ட இழைகள் ஓடுகின்றன. எந்த பாடி நல்லது, லென்ஸில் பூஞ்சை இருக்கிறதா, கேட்கிற விலை நியாயமா என்று. நல்லதுதான். ஆனால் ரோல் கழுவி வந்த பிறகு என்ன செய்கிறீர்கள் என்று யாரும் பேசுவதில்லை. லேபில் ஸ்கேன் போட்டுத் தருகிறார்கள், போனுக்கு வருகிறது, இன்ஸ்டாகிராமில் ஏற்றுகிறோம், நெகட்டிவ் கவரோடு அலமாரிக்குள் போய்விடுகிறது. கதை முடிந்தது.

இதை ஒட்டி ஒருவரைப் பற்றிப் பேசலாம் என்று தோன்றியது. செக் நாட்டுக்காரர், யோசெஃப் சுடெக். 1896இல் கோலீன் என்ற ஊரில் பிறந்தார், 1976இல் பிராக் நகரில் இறந்தார். அப்பா வீடுகளுக்கு வண்ணம் பூசுகிறவர், பையன் விவரம் தெரிவதற்குள் காலமாகிவிட்டார். சுடெக் கற்றுக்கொண்ட தொழில் புத்தக பைண்டிங். முதல் உலகப் போரில் இத்தாலிய முனைக்கு அனுப்பினார்கள். அங்கே வலது தோளில் அடிபட்டு, கையையே எடுக்க வேண்டியதாயிற்று. ஒற்றைக் கையோடு பைண்டிங் வேலை செய்ய முடியாது. கிடைக்கவிருந்த அலுவலக வேலையும் வேண்டாம் என்றுவிட்டு, ஊனமுற்ற வீரர்களுக்கான உதவித்தொகையை நம்பி போட்டோகிராபிக்குள் இறங்கினார். 1922 முதல் 1924 வரை பிராகில் முறைப்படி படித்தார். அதே காலத்தில் செயின்ட் வைட்டஸ் தேவாலயத்தில் கட்டுமான வேலை நடப்பதைப் படம் எடுக்க ஆரம்பித்து, 1928இல் அதை ஒரு தொகுப்பாகக் கொண்டுவந்தார். தூசி பறக்கிற மண்டபம், சாய்ந்து இறங்கும் வெயில், நடுவில் கிடக்கும் தள்ளுவண்டியும் மரச்சட்டங்களும். பார்க்காதவர்கள் தேடிப் பாருங்கள்.

நான் சொல்ல வந்தது 1940இல் நடந்தது. பிரான்சின் ஷார்த்ர் தேவாலயச் சிலை ஒன்றின் பழைய போட்டோ அவர் கைக்கு வருகிறது. 1900 வாக்கில் எடுத்தது, 30×40 சென்டிமீட்டர். கல்லின் சொரசொரப்பு விரலுக்குத் தெரிகிற மாதிரி இருக்கிறது. உற்றுப் பார்க்கிறார், பெரிதாக்கிய பிரிண்ட் இல்லை, அதே அளவு நெகட்டிவை பேப்பர் மேல் வைத்து எடுத்த கான்டாக்ட் பிரிண்ட் என்று புரிகிறது. அன்றோடு தன் சொந்தப் படங்களுக்கு என்லார்ஜரை, அதாவது நெகட்டிவைப் பெரிதாக்கி பேப்பரில் விழவைக்கும் கருவியை, தொடுவதில்லை என்று முடிவு செய்துவிட்டார். அப்போது வயது 44. என்ன அளவில் பிரிண்ட் வேண்டுமோ அந்த அளவில் நெகட்டிவ் எடுக்க வேண்டும். 13×18, 18×24, 24×30, 30×40 சென்டிமீட்டர் என்று கேமராக்கள் பெரிதாகிக்கொண்டே போயின. தூக்குவது ஒரு கை.

ஃபிலிம் என்றால் கேமரா என்று நாம் நினைக்கிறோம். அவருக்கு ஃபிலிம் என்றால் பேப்பர். என் வாதம் இவ்வளவுதான். மறுக்கலாம்.

திருச்சி_ரோல் எழுதியது:

சார், நான் ஒரு 35 எம்.எம். கேமராவையும் ஒரு ட்ரைபாடையும் மலைக்கோட்டைப் படியில் தூக்கிக்கொண்டு ஏறினாலே மூச்சு வாங்குகிறது. இவர் எப்படிச் சமாளித்தார்? ஷீட் ஃபிலிம் (ரோலாக இல்லாமல் தனித்தனித் தாளாக வருவது) லோடு பண்ணவே இரண்டு கை போதாதே.

ஈரக்காகிதம் எழுதியது:

சுடெக் எனக்கும் பிடிக்கும். ஆனால் இந்த ஒற்றைக் கை விஷயத்தைப் பலரும் சொல்கிற விதம் எனக்கு ஒத்துவராது. கை போனதால் கலைஞர் ஆனார், துயரம்தான் படத்தில் ஒளியாக வந்தது என்கிற மாதிரி எழுதிவிடுகிறார்கள். கை போவதற்கு முன்பே அவர் கேமரா வைத்திருந்தார். போர்முனையிலேயே படம் எடுத்திருக்கிறார். கை போனது அவருடைய வேலையை மாற்றியது, கண்ணை உண்டாக்கவில்லை.

திருச்சி_ரோல் கேட்டதற்கு: சென்ற வருடம் மணிக்கட்டு உடைந்து கட்டுப் போட்டிருந்தபோது நான் 4×5 அங்குல ஹோல்டரில் (ஷீட்டைக் கேமராவுக்குள் வைக்கும் சட்டம்) ஒரு கையால் ஃபிலிம் ஏற்றிப் பார்த்தேன். ஹோல்டரின் கீழ் மடிப்பைத் திறந்து பிடிக்க ஒரு கை வேண்டும், ஷீட்டைத் தண்டவாளத்துக்கு அடியில் தள்ள இன்னொரு கை வேண்டும், அதுவும் கும்மிருட்டில். நான் செய்தது: மேசை விளிம்புக்கும் வயிற்றுக்கும் நடுவில் ஹோல்டரை இடுக்கி, மடிப்பு மூடாமல் இருக்க ஒரு அழிப்பான் துண்டைச் செருகி, இடது கையால் ஷீட்டை உள்ளே விட்டேன். மூலையில் இருக்கும் வெட்டுக்குறி வலது மேல் பக்கம் விரலில் தட்டினால் ஒளியுணரும் மருந்து பூசிய பக்கம் நம்மைப் பார்க்கிறது என்று அர்த்தம். அதைத் தடவிப் பார்க்கவும் அதே கைதான், அதனால் ஷீட்டை உதட்டில் கவ்விக்கொள்ள வேண்டியிருந்தது. சுடெக்கும் பல்லால் பிடித்துத்தான் பல வேலை செய்தார் என்று உடன் இருந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். உதவிக்கு ஆளும் இருந்தார்கள். தங்கை பொஷெனா இருட்டறையில் கூடவே இருந்தார். போர் முடிந்தபின் நாஜி முகாமிலிருந்து பிழைத்து வந்த சோன்யா புல்லாட்டி அவரிடம் உதவியாளராகச் சேர்ந்தார், பிறகு அமெரிக்கா போய் அவரைப் பற்றிப் புத்தகமே போட்டார். தனியாகப் போராடிய மேதை என்கிற படம் அரைகுறைதான்.

ஹைப்போ எழுதியது:

ஸ்டூடியோ வைத்து நடத்தியவன் என்ற முறையில் கான்டாக்ட் பிரிண்ட் பற்றிக் கொஞ்சம்.

என்லார்ஜரில் போடும்போது நெகட்டிவுக்கும் பேப்பருக்கும் நடுவில் ஒரு லென்ஸ் உட்கார்ந்திருக்கிறது. நெகட்டிவ் சூட்டில் லேசாக வளையும், ஃபோகஸ் நகரும். தூசி ஒன்று இருந்தால் அது பத்து மடங்காகத் தெரியும். ஃபிலிமில் இருக்கும் துகளும் பெரிதாகும். கான்டாக்டில் இது ஒன்றும் கிடையாது. நெகட்டிவில் என்ன இருக்கிறதோ அப்படியே பேப்பருக்கு இறங்கும். நிழலுக்குள் நிழல் என்று தனித்தனியாகத் தெரியும். எங்கள் காலத்தில் பாஸ்போர்ட் படம், பழைய குரூப் போட்டோ எல்லாம் பெரிய நெகட்டிவில் எடுத்து கான்டாக்ட் போட்டதுதான். உங்கள் வீட்டு பீரோவில் தாத்தா கல்யாணப் படம் இருந்தால் எடுத்து லென்ஸ் வைத்துப் பாருங்கள், சேலைச் சரிகையில் இழை எண்ணலாம்.

ஆனால் ஒன்று. கான்டாக்ட் போட்டால் கிராப் பண்ண, அதாவது ஒரு பகுதியை மட்டும் எடுத்துப் பெரிதாக்க முடியாது. எடுக்கும்போதே கட்டம் சரியாக இருக்க வேண்டும். அது ஒரு ஒழுங்கு. சுடெக் அதற்காகவும் செய்திருக்கலாம் என்று எனக்குப் படுகிறது.

ஐந்தாம்தளம் எழுதியது:

எல்லாம் கேட்க நன்றாக இருக்கிறது. நான் சென்னையில் ஐந்தாவது மாடியில், இரண்டு அறை வீட்டில் வாடகைக்கு இருக்கிறேன். ஒரு பாத்ரூம். தண்ணீர் லாரியில் வருகிறது. மே மாதம் குழாயைத் திறந்தால் முப்பது டிகிரிக்கு மேல் கொதிக்கிறது, படத்தை எழுப்பும் டெவலப்பர் ரசாயனமோ இருபது கேட்கிறது. இதில் பேப்பர்தான் கலை, ஸ்கேன் செய்கிறவன் பாதியில் நின்றவன் என்றால் எப்படி? சுடெக்குக்கு சொந்த ஸ்டூடியோ இருந்தது. ஸ்கேன் செய்து பெரிய பிரிண்டரில் போட்ட படங்கள் இன்று காட்சிக்கூடங்களில் தொங்குகின்றன. அதை எடுத்தவர்கள் கலைஞர்கள் இல்லையா?

இன்னொன்றும் சொல்கிறேன். "மெதுவாக எடுத்தால் நல்ல படம் வரும்" என்பதை ஃபிலிம்காரர்கள் மந்திரம் மாதிரிச் சொல்கிறார்கள். மெதுவாக எடுத்த மோசமான படங்கள் என்னிடம் ஒரு ஃபைல் நிறைய இருக்கின்றன.

திருச்சி_ரோல் எழுதியது:

கடைசி வரிக்கு ஒரு சலாம் 🙏

கருப்புவெள்ளை எழுதியது:

ஐந்தாம்தளம், ஸ்கேன் பாவம் என்று நான் சொல்லவில்லை. ஸ்கேனோடு நிறுத்திக்கொள்வதைத்தான் சொன்னேன். பிரிண்டரில் போட்டாலும் பேப்பருக்கு வந்துவிட்டீர்களே, அப்புறம் என்ன சண்டை?

ஆனால் "சொந்த ஸ்டூடியோ" என்றதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். பிராகில் மாலா ஸ்த்ரானா பகுதியில், உயெஸ்த் தெருவில், ஒரு அடுக்குவீட்டுக்குப் பின்னால் இருக்கிற முற்றத்தில் மரப்பலகையால் கட்டிய கொட்டகை. 1927இல் அங்கே குடியேறினார். வசிப்பதும் அங்கேதான், இருட்டறையும் அங்கேதான், வாடிக்கையாளர் வருவதும் அங்கேதான். போகப் போக பேப்பரும் பெட்டிகளும் இசைத்தட்டுகளும் சேர்ந்து நடக்கக்கூட இடமில்லாமல் போய்விட்டது. அவருடைய வீட்டுக் குப்பையே பிறகு ஒரு படத் தொடராக வந்தது, காகிதமும் கயிறும் கண்ணாடியும் குவிந்து கிடக்கிற மேசைகள்.

1939இல் ஜெர்மன்காரர்கள் நகரத்தைப் பிடித்தார்கள். கேமராவோடு தெருவில் நிற்பது சிக்கலானது. 1940 முதல் அவர் எடுத்ததெல்லாம் பெரும்பாலும் அந்தக் கொட்டகையின் ஜன்னலைத்தான். "என் ஸ்டூடியோவின் ஜன்னல்" என்ற அந்தத் தொடர் 1954 வரை போயிற்று. அதே ஜன்னல், வெளியே அதே கோணல் மரம். கண்ணாடியில் ஒரு நாள் நீராவி, ஒரு நாள் உறைபனி, ஒரு நாள் மழைத்துளி வழிந்த கோடு. சில படங்களில் ஃபோகஸ் கண்ணாடியில் நிற்கிறது, மரம் ஒரு கறை மாதிரி கலங்கிக் கிடக்கிறது. சிலவற்றில் ஜன்னல் விளிம்பில் ஒரு டம்ளர் தண்ணீர், ஒரு பூ. பக்கத்தில் ஒரு முட்டை, ஒரு துண்டு ரொட்டி, ஒரு வெங்காயம் என்று வைத்து எடுத்தவை தனி வரிசை.

உங்கள் ஐந்தாவது மாடியில் ஒரு ஜன்னலாவது இருக்கும்தானே?

ஐந்தாம்தளம் எழுதியது:

இருக்கிறது. எதிரே இன்னொரு வீட்டு ஏ.சி. பெட்டி தெரிகிறது. சரி, அதை விடுங்கள். ஜன்னல் தொடர் எனக்கும் பிடிக்கும். ஆனால் அதை அவர் விரும்பி எடுத்தாரா, வேறு வழியில்லாமல் எடுத்தாரா? வெளியே போக முடியாதபோது உள்ளே இருப்பதைத்தான் எடுக்க முடியும்.

கருப்புவெள்ளை எழுதியது:

போர் 1945இல் முடிந்துவிட்டது. ஜன்னல் இன்னும் ஒன்பது வருடம் ஓடியது. அதை வைத்து நீங்களே முடிவு பண்ணிக்கொள்ளுங்கள்.

நெறியாளர் எழுதியது:

இந்த இழையில் இரண்டு பேர் யாஷிகா கேமரா விற்பனை விளம்பரம் போட்டிருந்தார்கள், விற்பனைப் பகுதிக்கு நகர்த்தியிருக்கிறேன். தலைப்பிலேயே பேசுங்கள்.

நிழல்வாசி எழுதியது:

ஃபைன் ஆர்ட் போட்டோகிராபர் என்றதும் சாப்பாட்டுக்கு என்ன செய்தார் என்று யாரும் கேட்கவில்லையே. 1930களில் சுடெக் விளம்பரப் படம் எடுத்தார். லாடிஸ்லாவ் சுட்னார் வடிவமைத்த கண்ணாடிக் கோப்பைகளையும் பீங்கான் தட்டுகளையும் வரிசை வைத்து எடுத்த படங்கள் இன்றைக்கும் புதிதாகத் தெரிகின்றன. ஓவியர்களின் ஓவியங்களைப் புத்தகத்துக்கும் கேட்டலாகுக்கும் நகல் எடுத்துக் கொடுப்பது அவருக்கு நிரந்தர வருமானம். பிராகின் ஓவியர்கள் பலர் நண்பர்களாகவும் இருந்தார்கள், அவர்களிடமிருந்து வாங்கிய படங்கள் கொட்டகையில் குவிந்தன. சொந்த வேலை இதற்கெல்லாம் நடுவில்தான் நடந்தது.

அப்புறம் இசை. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நண்பர்கள் கொட்டகைக்கு வருவார்கள், இசைத்தட்டு போட்டுக் கேட்பார்கள். இசையமைப்பாளர் யானாசெக் மேல் அவருக்கு அவ்வளவு பித்து, யானாசெக் பிறந்த ஹுக்வால்டி ஊருக்கே போய் அந்த நிலத்தைப் படமாக எடுத்து ஒரு புத்தகம் கொண்டுவந்தார்.

1926இல் செக் பில்ஹார்மானிக் இசைக்குழு நண்பர்களோடு இத்தாலி போனார். கச்சேரிக்கு நடுவில் ஒரு ராத்திரி யாரிடமும் சொல்லாமல் எழுந்து போய்விட்டார், கை போன இடத்தைத் தேடிக்கொண்டு. இடத்தைக் கண்டுபிடித்தார், கை இல்லை. இரண்டு மாதம் கழித்துத்தான் பிராக் திரும்பினார், நண்பர்கள் போலீஸ் வரை தேடியிருந்தார்கள். அதன் பிறகு அவர் எங்கும் பயணம் போகவில்லை என்று அவரே சொன்னதாகப் பதிவு இருக்கிறது. ஈரக்காகிதம் சொன்ன துயரக் கதை எச்சரிக்கையை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இந்த ஒரு சம்பவத்தை என்னால் ஒதுக்க முடியவில்லை.

ஈரக்காகிதம் எழுதியது:

அதை ஒதுக்கச் சொல்லவில்லை. அந்த இரண்டு மாதத்தை வைத்து அடுத்த ஐம்பது வருடத்துக்கும் விளக்கம் சொல்லாதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

ஹைப்போ எழுதியது:

சுடெக்கின் பேனரமா (மிக அகலமான படம்) வேலை பற்றி யாராவது எழுதுங்கள். நான் முதலில் பார்த்த சுடெக் அதுதான்.

நிழல்வாசி எழுதியது:

எழுதுகிறேன். பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கடைசியில் செய்த ஒரு கோடக் பேனரமா கேமரா. லென்ஸே சுழலும், உள்ளே ஃபிலிம் வளைவாக உட்கார்ந்திருக்கும். ஸ்பிரிங்கை முறுக்கி விட்டால் லென்ஸ் ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கம் வீசிக்கொண்டு போகும். நெகட்டிவ் 10×30 சென்டிமீட்டர். வேகம் மாற்ற அதிகம் வழியில்லை. 1950களில் அறுபதை நெருங்கிய வயதில் இந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நகரத்தையும் அதன் ஓரங்களையும் சுற்றினார். 1959இல் புத்தகமாக வந்தது, 284 படங்கள். எல்லாமே கான்டாக்ட்.

அந்தக் கேமராவில் நேர்த்தெரு வளையும். லேசாகச் சாய்ந்தால் அடிவானம் வாழைப்பழம் ஆகிவிடும். அதனால் எல்லோரும் அதைக் கூட்டமாக நிற்கிறவர்களை எடுக்கிற பொம்மையாக வைத்திருந்தார்கள். சுடெக் சில இடங்களில் அதைச் செங்குத்தாகத் திருப்பி வைத்துக்கூட எடுத்திருக்கிறார். ஆற்றங்கரை, பாலம் என்று எல்லோருக்கும் தெரிந்த பிராக் கொஞ்சம் உண்டு. எனக்குப் பிடித்தவை ஊர் முடிகிற இடங்கள்: சேறு, தந்திக்கம்பம், பாதி இடிந்த வேலி, தூரத்தில் ஒரு புகைபோக்கி. அந்த அகலத்தில் ஒன்றுமில்லாத இடம் நிறைய வருகிறது, அதை அவர் நிரப்பப் பார்ப்பதில்லை.

திருச்சி_ரோல் எழுதியது:

இவரெல்லாம் அந்தக் காலம். இப்போது இப்படி யாராவது இருக்கிறார்களா? சும்மா தெரிந்துகொள்ளக் கேட்கிறேன்.

நிழல்வாசி எழுதியது:

மைக்கேல் கென்னா. 1953இல் இங்கிலாந்தில் விட்னஸ் என்ற தொழிற்சாலை ஊரில் பிறந்தவர். ஹாசல்பிளாட் கேமரா, கருப்புவெள்ளை ஃபிலிம், இருட்டறை. ஜப்பானின் ஹொக்கைடோ தீவுப் பனியில் ஒரு மரம், ஒரு வேலி, அவ்வளவுதான் படம். ராத்திரி ஷட்டரைத் திறந்து விட்டு மணிக்கணக்கில் காத்திருப்பார். பிரிண்ட் சுமார் 20 சென்டிமீட்டர் சதுரம், பெரும்பாலும் அவர் கையாலேயே போட்டது. சான் பிரான்சிஸ்கோவில் ரூத் பெர்ன்ஹார்டு என்ற போட்டோகிராபருக்குப் பல வருடம் பிரிண்ட் போட்டுக் கொடுத்தவர். நெகட்டிவ் என்பது ஆரம்பம் மட்டும் என்று அங்கேதான் கற்றார். கருப்புவெள்ளை சொல்கிற கட்சிக்கு இன்னொரு சாட்சி.

கொரியாவில் வோல்ச்சொன் என்ற இடத்தில் தண்ணீருக்கு நடுவில் வரிசையாக நிற்கிற பைன் மரங்களை 2007இல் எடுத்தார். படம் பிரபலமாகி ஊரே கேமராவோடு அங்கே போக ஆரம்பித்தது.

ஐந்தாம்தளம் எழுதியது:

கென்னா படங்கள் பிடிக்கும், ஆனால் ஒரு குறை. அவரைப் பார்த்து எல்லோரும் கடலில் ஒரு கம்பத்தை வைத்து நீண்ட எக்ஸ்போஷர் எடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். மெரினாவில் கூடப் பார்க்கிறேன். சுடெக்கைக் காப்பி அடிக்க முடியாது, ஏனென்றால் அந்தக் கறுப்பு யாருக்கும் வராது. அவர் பிரிண்ட் பல சமயம் அவ்வளவு இருட்டு, போனில் பார்த்தால் ஒன்றுமே தெரியாது. வெள்ளை என்று ஒன்றே இல்லாத பிரிண்ட்கள் இருக்கின்றன, சாம்பலும் அதற்குக் கீழே சாம்பலும்தான்.

கருப்புவெள்ளை எழுதியது:

போனில் தெரியாது. இதைத்தான் முதல் பதிவிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன் 🙂

ஐந்தாம்தளம் எழுதியது:

மாட்டிவிட்டீர்கள். சரி, அந்தக் கறுப்பு எப்படி வருகிறது? பிக்மென்ட் பிரிண்ட் என்று படித்தேன். வெள்ளி பேப்பரிலிருந்து அது எப்படி வேறு?

ஈரக்காகிதம் எழுதியது:

இது என் ஏரியா, கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

வெள்ளி பேப்பரில் படம் என்பது வெள்ளித்துகள். பிக்மென்ட் பிரிண்டில் வெள்ளியே கிடையாது. ஜெலட்டினில் கரியோ வேறு நிறப்பொடியோ கலந்து, கொஞ்சம் சர்க்கரையும் சேர்த்து ஒரு தாளில் பூசுவார்கள். அதைப் பொட்டாசியம் டைக்ரோமேட் கரைசலில் ஊறவைத்து இருட்டில் உலர்த்தினால் வெளிச்சம் பட்ட இடம் இறுகும் தன்மை வந்துவிடும். மேலே நெகட்டிவை வைத்துக் கண்ணாடி போட்டு அழுத்தி வெயிலில் வைக்க வேண்டும். பிறகு ஈரமாக இன்னொரு தாளோடு ஒட்டி, நாற்பது டிகிரி வெந்நீரில் போட்டால் ஓரத்தில் கறுப்பு கசிய ஆரம்பிக்கும். அந்த நேரத்தில் மேல்தாளை உரிக்க வேண்டும். முதலில் பார்த்தால் ஒரே சேறு. வெந்நீரை மெல்ல மெல்ல ஊற்றிக்கொண்டே இருந்தால் இறுகாத ஜெலட்டின் கரைந்து போய், படம் அடியிலிருந்து மேலே வரும். காய்ந்த பிறகு சாய்த்துப் பார்த்தால் கறுப்பு இருக்கிற இடம் நிஜமாகவே மேடாக இருக்கும். சுடெக்கின் கறுப்பு வெறும் நிறமாக இல்லாமல் ஆழமாகத் தெரிவதற்கு அதுவும் ஒரு காரணம்.

முக்கியமான விஷயம்: இந்தத் தாள் அவ்வளவு மந்தம், என்லார்ஜர் வெளிச்சம் அதற்கு எடுபடாது. புற ஊதா வேண்டும். ஆகவே நெகட்டிவ் பிரிண்ட் அளவுக்கே இருந்தாக வேண்டும். 1940இல் கான்டாக்ட் என்று முடிவு எடுத்தவருக்குப் போருக்குப் பிறகு பிக்மென்டுக்குப் போவது எளிது, கையில் ஏற்கனவே பெரிய நெகட்டிவ்கள் இருந்தன. பைண்டிங் படித்தவர் வேறு, பேப்பரும் பசையும் ஈரமும் அவருக்குப் பழகினவை. சில பிரிண்ட்களை இரண்டு கண்ணாடிக்கு நடுவில் வைத்து ஓரத்தில் ஈயத்தகடு சுற்றி வைத்திருக்கிறார், அது முழுக்க பைண்டிங்காரன் புத்திதான்.

நம் ஊரில் செய்கிறவர்களுக்கு இரண்டு எச்சரிக்கை. டைக்ரோமேட் விஷம், புற்றுநோய் வரவைக்கக்கூடியது. கையுறை இல்லாமல் தொடாதீர்கள், சமையலறைப் பாத்திரம் எதையும் பயன்படுத்தாதீர்கள், கரைசலை சாக்கடையில் ஊற்றாதீர்கள். இரண்டாவது, கோடையில் ஜெலட்டின் ஊறும்போதே கரைந்துவிடும். நான் மார்கழி, தை மாதங்களில் மட்டும்தான் செய்கிறேன், அதுவும் ஐஸ் பெட்டியில் வைத்து.

ஹைப்போ எழுதியது:

அருமையாக எழுதியிருக்கிறீர்கள் மேடம்.

ஐந்தாம்தளம் தம்பிக்கு: பிக்மென்ட் எல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். சாதாரண கான்டாக்ட் பிரிண்டுக்கு என்லார்ஜர் வேண்டாம் என்பதைக் கவனித்தீர்களா? ஒரு கண்ணாடித் தகடு, மூன்று ட்ரே, ஒரு பல்பு. பாத்ரூம் கதவு இடுக்கைத் துணியால் அடைத்துவிட்டால் போதும். சிவப்பு ஜீரோ வாட்ஸ் பல்பு பாதுகாப்பானதா என்று சோதித்துக்கொள்ளுங்கள்: ஒரு பேப்பர் துண்டு மேல் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து, அந்த வெளிச்சத்தில் ஐந்து நிமிஷம் விட்டு, டெவலப் பண்ணுங்கள். வட்டம் தெரிந்தால் பல்பு உதவாது. தண்ணீர் சூடுதான் உங்கள் பிரச்சினை என்றால், டெவலப்பர் ட்ரேயைப் பெரிய டப்பில் வைத்துச் சுற்றிலும் ஐஸ் பாட்டில் போடுங்கள். கடைசிக் கழுவலுக்கு மட்டும் ஆர்.ஓ. தண்ணீர். லாரித் தண்ணீரில் கழுவினால் நெகட்டிவில் உப்புப் பூக்கும்.

ஐந்தாம்தளம் எழுதியது:

அண்ணா, என்னிடம் இருப்பது 35 எம்.எம். நெகட்டிவ். அதைக் கான்டாக்ட் போட்டால் தபால்தலை அளவில்தானே வரும்? பெரிய ஷீட் ஃபிலிம் விலையைப் பார்த்தால் தலை சுற்றுகிறது.

மலைக்காற்று எழுதியது:

இந்த இடத்தில் நான் வந்தாக வேண்டும். ஊட்டிக்காரன். எங்கள் ஊர் இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் கம்பெனியை 1960இல் தொடங்கி, 1967இல் உற்பத்தி ஆரம்பித்தார்கள். "இந்து" (Indu) என்று பேர் போட்டு கருப்புவெள்ளை ரோல், பேப்பர், மருத்துவ எக்ஸ்ரே ஃபிலிம் எல்லாம் அங்கேயிருந்து வந்தன. கம்பெனி போய்விட்டது, அதைப் பற்றிப் பேசினால் ராத்திரி முழுக்கப் பேசலாம், வேண்டாம். சொல்ல வந்தது எக்ஸ்ரே ஃபிலிம் பற்றி.

பெரிய கேமரா வைத்திருக்கிற பலர் உலகம் முழுக்க இப்போது எக்ஸ்ரே ஃபிலிமைத்தான் போடுகிறார்கள். 8×10, 10×12, 12×15 அங்குலம் என்று பெட்டியாக வரும், ஷீட் ஃபிலிம் விலையில் ஒரு சிறு பங்குதான் ஆகும். ஸ்கேன் சென்டர்கள் டிஜிட்டலுக்குப் போய்விட்டதால் பழைய பெட்டிகள் சில இடங்களில் தூங்குகின்றன. சுடெக்கின் 24×30ம் நம் 10×12ம் கிட்டத்தட்ட ஒரே அளவு. சிவப்பு இதற்குத் தெரியாது, அதனால் சிவப்பு விளக்கிலேயே வெட்டலாம், கழுவலாம், படம் எழும்புவதைக் கண்ணால் பார்க்கலாம். அதே காரணத்தால் உதடு கறுப்பாகவும் செம்மண் இருட்டாகவும் விழும், போர்ட்ரெய்ட் எடுக்கிறவர்கள் கவனிக்க. ஃபிலிம் ஸ்பீடு (ஐ.எஸ்.ஓ.) 50, 80 என்று வைத்து ஆரம்பியுங்கள், ஒவ்வொரு பெட்டிக்கும் மாறும்.

கேமரா இல்லையா? பிஸ்கட் டின்னில் ஊசித்துளை போடுங்கள். பெரிய நெகட்டிவுக்குப் பெரிய லென்ஸ் கட்டாயம் இல்லை.

கருப்புவெள்ளை எழுதியது:

சுடெக் இழை பிஸ்கட் டின்னுக்கு வந்து சேர்ந்ததில் எனக்கு மகிழ்ச்சிதான்.

திருச்சி_ரோல் எழுதியது:

கேட்டுப் பார்த்தேன் சார்! எங்கள் தெருக்கோடி ஸ்கேன் சென்டரில் 10×12 பெட்டி ஒன்று பாதி கிடக்கிறதாம், எடுத்துக்கொண்டு போ என்றுவிட்டார்கள். காலாவதி ஆகி சில வருடம் இருக்கும். எந்தப் பக்கம் மருந்து என்று எப்படிக் கண்டுபிடிப்பது? வெட்டுக்குறி இருக்குமா?

ஹைப்போ எழுதியது:

குறி இருக்காது, தேவையும் இல்லை. பெரும்பாலான எக்ஸ்ரே ஃபிலிமில் இரண்டு பக்கமும் மருந்துதான். தலைவலியும் அதுதான், ட்ரே அடியில் உரசினால் கீறிவிடும். ட்ரேக்குள் ஒரு கண்ணாடித் தகட்டைப் போட்டு அதன் மேல் வையுங்கள், நகத்தை வெட்டிக்கொள்ளுங்கள், மூலையை மட்டும் பிடியுங்கள், ட்ரேயைத்தான் ஆட்ட வேண்டும், ஃபிலிமை ஆட்டக் கூடாது. காலாவதி ஆனது என்றால் முதலில் வெளிச்சமே காட்டாத ஒரு துண்டை வெட்டிக் கழுவிப் பாருங்கள், எவ்வளவு புகைமூட்டம் இருக்கிறது என்று தெரியும்.

டெவலப்பர் கடையில் கிடைக்காவிட்டால் நீங்களே கலக்கலாம். டி-76 ஒரு லிட்டருக்கு: மெட்டால் 2 கிராம், சோடியம் சல்பைட் 100, ஹைட்ரோகுயினோன் 5, போராக்ஸ் 2. தண்ணீர் ஐம்பது டிகிரியில் இருக்கும்போது முதலில் ஒரு சிட்டிகை சல்பைட், பிறகு மெட்டால், பிறகு மீதி சல்பைட், அப்புறம் மற்றவை, இதே வரிசையில். எக்ஸ்ரே சீக்கிரம் கறுத்துவிடும், அதனால் சரிக்குச் சரி தண்ணீர் சேர்த்துப் போடுங்கள்.

ஐந்தாம்தளம் எழுதியது:

திருச்சி_ரோல், அந்தப் பாதிப் பெட்டியில் எனக்கு ஒரு பத்து ஷீட் கூரியர் பண்ண முடியுமா? கறுப்பு கவரில் சுற்றி, வெளியே "திறக்காதே" என்று பெரிதாக எழுதிவிடுங்கள். காசு தனி மடலில் பேசிக்கொள்ளலாம்.

திருச்சி_ரோல் எழுதியது:

அனுப்புகிறேன். முதல் படம் அந்த ஏ.சி. பெட்டி, ஒப்பந்தம்.